நமக்குள் என்ன கணக்கு?

கல்வெட்டுப் படிக்கச் செல்லும் எங்கள் குழுவில் குடை பிடிப்பவர் ஒருவர் உண்டு. வெயில் நேராக விழுந்தால் எழுத்துகளின் ஆழம் புகைப்படத்தில் தெரியாது. ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழவேண்டும். அதற்காக ஒருவர் குடையால் வெயிலை மறைக்க, மற்றொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைத் திருப்பிச் சுவரோரமாகப் பாய்ச்சுவார். ஆறு ஆண்டுகளாகச் சலிப்பின்றிக் குடை பிடித்துவந்த அந்த நண்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருச்சுற்றில் அமர்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடியே, "தை மாதம் எனக்குத் திருமணம். நீங்கள்தான் படம் எடுக்கவேண்டும். எவ்வளவு என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்" என்றார்.

"நமக்குள் என்ன கணக்கு?" என்று எங்களில் மூவர் ஒரே குரலில் கேட்டோம். நண்பரின் முகம் மலரவில்லை. "அதனால்தான் கேட்கிறேன்" என்றார். அவர் எதைக் குறிப்பிடுகிறார் என்பது எங்களுக்கு உடனே விளங்கியது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, எங்கள் வட்டத்தைச் சேர்ந்த இன்னொருவரின் திருமணத்திற்கு இதே சொற்களைச் சொல்லிவிட்டுப் படம் எடுக்கச் சென்றிருந்தோம். அசையாத சிற்பங்களை எடுத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. மகிடாசுரமர்த்தனி எட்டுக் கைகளோடும் எவ்வளவு நேரமும் எங்களுக்காகக் காத்திருப்பாள், மணமகன் காத்திருக்கமாட்டார். கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபமே எழுந்து நின்று அட்சதை தூவ, எங்களுக்கும் மணவறைக்கும் நடுவே முதுகுகள் மட்டுமே இருந்தன. எடுத்த படங்களோ ஆயிரத்துக்கும் மேல். தாலி கட்டும் நொடி அவற்றுள் ஒன்றில்கூட இல்லை.

அதைவிடப் பெரிய பிழை பின்னர் நிகழ்ந்தது. படங்களைத் தேர்ந்து, திருத்தித் தருவதற்கு எட்டு மாதங்கள் ஆயின. பணம் வாங்காத எங்களை விரைவுபடுத்த அவருக்கு வாய் வரவில்லை. பணம் வாங்காத பணிக்கு விடுப்பெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. படங்கள் சென்று சேர்ந்தபோது நன்றி வந்தது. பழைய நட்பு வரவில்லை. அவர் இப்போது எங்கள் பயணங்களுக்கு வருவதில்லை.

ஆகவே இம்முறை விடைசொல்ல ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். எதற்கும் பழங்கணக்கைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நண்பருக்குச் செய்யும் பணிக்கு விலை சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்ற கேள்விகளோடு, புகைப்படக் கலையின் வரலாற்றையும் எங்களுக்குப் பழக்கமான கல்வெட்டுகளையும் ஒருசேரப் படித்தோம். அப்படிக் கிடைத்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடையாக வந்த கலை

புகைப்படக் கலை உலகிற்கு அறிமுகமான நாளிலேயே, விலையா கொடையா என்ற கேள்வியும் உடன்பிறந்துவிட்டது. லூயி டாகேரின் செய்முறை 1839 ஆகஸ்டு 19 அன்று பாரிசில், பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் வெளியிடப்பட்டது. அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பிரெஞ்சு அரசு உலகிற்கு அளித்தது. ஆனால், அரசு அதை டாகேரிடமிருந்து இலவசமாகப் பெறவில்லை. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருடைய கூட்டாளியாக இருந்து முன்பே மறைந்துவிட்ட நிசெபோர் நியெப்சின் மகனுக்கு ஆண்டுக்கு 4,000 பிராங்கும் வாழ்நாள் முழுவதும் வழங்க வகைசெய்த பின்னரே அந்தக் கொடை அறிவிக்கப்பட்டது. உழைத்தவருக்கு உரியதை ஒருவர் அளந்து கொடுத்ததால்தான் மற்றவர்க்கெல்லாம் அது கொடையாயிற்று.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. பாரிசு அறிவிப்புக்கு ஐந்து நாள்கள் முன்னதாகவே டாகேரின் சார்பில் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டிருந்தது. ஆக, உலகிற்கே இலவசமாக வந்த கலைக்கு ஆங்கிலேயர் மட்டும் உரிமத்தொகை செலுத்த வேண்டியதாயிற்று. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது எங்களுக்குக் கிடைத்த முதற்பாடம்.

1858: ஒரு மணநாளும் ஒரு கோயிலும்

விக்டோரியா அரசி 1840 பிப்ரவரியில் ஆல்பர்ட்டை மணந்தபோது புகைப்படம் எடுக்கப்படவில்லை. முகத்திரை அணிந்த அரசியும் ஆல்பர்ட்டும் சேர்ந்து நிற்கும் படங்களைப் பலர் மணநாள் படங்கள் என்றே எண்ணுகின்றனர். அவை 1854இல் ரோஜர் ஃபென்டன் எடுத்தவை. ஆனால், அரசியின் மூத்த மகளுக்கு மணநாளன்றே எடுக்கப்பட்ட படம் இருக்கிறது. 1858 ஜனவரி 25 அன்று, சடங்கிற்குப் புறப்படுமுன், பெற்றோர் நடுவே மணமகள் நிற்க, டி.ஆர். வில்லியம்ஸ் எடுத்த டாகேர் படம் அது. அதில் ஆல்பர்ட்டும் மகளும் தெளிவாக இருக்கின்றனர். அரசியின் முகமோ கலங்கிக் கிடக்கிறது. மகளைப் பிரியப்போகும் தாய் நடுக்கத்தில் அசைந்துவிட்டார். அதை அவரே தம் நாட்குறிப்பில் எழுதியும் இருக்கிறார். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்ட எங்களுக்கு இப்படம் பெரும் ஆறுதலைத் தந்தது. திருமணத்தில் மனிதர்கள் அசையத்தான் செய்வார்கள்.

அதே 1858இன் தொடக்க மாதங்களில் தமிழகத்தின் கோயில்களில் இன்னொரு புகைப்படக்காரர் அலைந்துகொண்டிருந்தார். சென்னை மாகாண அரசு 1856இல் தன் புகைப்படக்காரராக அமர்த்திய லின்னேயஸ் டிரைப் என்ற படை அலுவலரே அவர். திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று அவர் சென்ற இடமெல்லாம் எங்களுக்கும் கால்பட்ட இடங்கள். கருவிகளையும் வேதிப்பொருள்களையும் சுமந்துசென்று, நம் ஊர் வெயிலில் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் படம் பிடித்தார். அவற்றுள் ஒன்று, கல்வெட்டு ஆர்வலர் எவரும் கைகூப்பத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கியிருந்தார். ஹுல்ட்ஸ் அக்கல்வெட்டுகளைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு நடந்த பணி இது.

அப்பணிக்கு என்ன நேர்ந்தது? 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் கருவூலம் நெருக்கடியில் இருந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படப் பணி அரசின் நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்தச் செய்தார். 1860இல் டிரைப்பின் பணி முடிவுக்கு வந்தது. அதன்பின் அவர் மிகக் குறைவாகவே படம் எடுத்தார். அவருடைய படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன. படத்தின் மதிப்பு காலப்போக்கில் தெரியவரும். எடுப்பவரின் செலவோ அன்றைக்கே கணக்கில் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் புகைப்படக்காரர்கள் அனைவரும் வாழவேண்டியிருக்கிறது.

கல்லில் வெட்டிய கணக்கு

டிரைப் படம்பிடித்த அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்பது எம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. முதலாம் இராசராசரும் அவர் தமக்கை குந்தவையும் பிறரும் கோயிலுக்கு அளித்த கொடைகளை அவை பட்டியலிடுகின்றன. கொடுத்தவர் பேரரசர், பெற்றவர் இறைவன். நமக்குள் என்ன கணக்கு என்று சொல்லத்தக்க இடம் இதைவிட வேறு இருக்கமுடியாது. ஆனால், அங்கேதான் கணக்கு மிகக் கூர்மையாக இருக்கிறது. பொன், ஆடவல்லான் என்னும் நிறைகல்லாலும், நகைகள், தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. கோத்த நூலை நீக்கி நிறுத்ததா, உள்ளே இருக்கும் அரக்கைச் சேர்த்து நிறுத்ததா என்பது வரை கல்லில் ஏற்றியிருக்கிறார்கள்.

கொடைக்கு மட்டுமன்று, கூலிக்கும் அதே ஒழுங்குதான். திருச்சுற்றுச் சுவரின் புறத்தே உள்ள தளிச்சேரிக் கல்வெட்டு இராசராசரின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1014. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், விளக்கேற்றுவோர், குயவர், தையற்காரர், தச்சர் என்று பட்டியல் நீள்கிறது. பணியாற்றியவர் இறந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ அவர்தம் உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம்; ஆனால், உறவினர் அப்பணிக்குத் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். உறவு முன்னுரிமை தரும்; தகுதிக்கு ஈடாகாது. நண்பர் என்ற ஒரே தகுதியோடு படம் எடுக்கச் சென்ற எங்களுக்கு இவ்வரி சற்றே உறுத்தியது.

அப்பட்டியலில் எங்கள் கண் தடுக்கி நின்ற இடம் மற்றொன்று. குடை பிடிப்போருக்கும் அங்கே பங்கு உண்டு. பலமுறை படித்த கல்வெட்டுதான். ஆனால், அந்த வாரம்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு ஆண்டுகளாகக் குடை பிடித்தவருக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? புளியோதரைப் பொட்டலத்தைத் தவிர வேறு நினைவுக்கு வரவில்லை. நமக்குள் என்ன கணக்கு என்று பெருந்தன்மையாகச் சொன்னவர்கள், உண்மையில் கடன்பட்டவர்களாக இருந்தோம்.

மண்டபத்திற்குள் வந்த புதியவர்

நம் திருமணங்களில் கலைஞருக்கும் தொழிலாளருக்கும் கொடுக்கும் முறை முன்பே வகுக்கப்பட்டிருந்தது. நாகசுரக் கலைஞருக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம். தாலி செய்யும் பொற்கொல்லருக்கும் பானை கொண்டுவரும் குயவருக்கும் சலவை செய்வோருக்கும் நாவிதருக்கும் நெல், வேட்டி, காசு என்று ஊருக்கு ஊர் ஓர் அளவு. இம்முறையைப் புகழ்ந்து மட்டும் பேசிவிடமுடியாது. தட்டில் வைத்துக் கொடுத்த மரியாதை சிலருக்கே கிடைத்தது. பலருக்கு அது பிறப்பால் விதிக்கப்பட்ட பணி. கூடுதலாகக் கேட்கவோ மறுக்கவோ அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

புகைப்படக்காரரோ இம்மரபில் இடம் வகுக்கப்படாதவர். எந்தச் சாதியினரும் கற்றுக்கொள்ளக்கூடிய கலை அவருடையது. அவருக்கு இவ்வளவு என்று ஊர் வழக்கம் எதுவும் இல்லை. ஆகவே, அவர் தம் விலையைத் தாமே வாய்திறந்து சொல்லவேண்டியிருந்தது. அது சங்கடமும்தான், விடுதலையும்தான்.

தொடக்கத்தில் மண்டபத்திற்கு அவர் வரவில்லை. மணமக்களே அவரிடம் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வீலே அண்ட் கிளைன் போன்ற ஐரோப்பியர் நிலையங்கள் புகழோடு விளங்கின. மெல்ல மெல்லச் சிற்றூர்களிலும் ஸ்டுடியோக்கள் தோன்றின. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சத்தையும் கடந்து, மணமான சில நாள்களில் புதுத்துணியோடு ஸ்டுடியோவுக்குச் செல்வது வழக்கமாயிற்று. தூணும் தோட்டமும் தீட்டிய திரைச்சீலை. மாப்பிள்ளை நாற்காலியில், பெண் அருகில் நின்றபடி. கார்டு சைஸ், கேபினட் சைஸ் என்று அளவுக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப விலை.

சுமந்து செல்லத்தக்க கேமராவும் ஃப்ளாஷும் வந்தபின் அவர் மண்டபத்திற்குள் நுழைந்தார். 120 ஃபிலிம் சுருள் ஒன்றில் சதுரப் படமாக எடுத்தால் 12 படங்கள்; 35 மி.மீ. சுருளில் 36. ஃபிலிமும் தாளும் நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தன. 1960இல் உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் நிறுவப்பட்டதற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். எண்ணி எண்ணி எடுக்கவேண்டிய அக்காலத்தில் விலை கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஐயமில்லை. ஒவ்வொரு சொடுக்கும் கண்முன் செலவாகும் காசு.

இலவசம் என்னும் மயக்கம்

டிஜிட்டல் கேமரா இந்தக் கண்கூடான செலவை மறைத்துவிட்டது. சொடுக்கினால் காசு இல்லை. ஆகவே பணிக்கும் காசு இல்லை என்ற மயக்கம் பிறந்தது. கையில் நல்ல கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் யாரேனும் ஒரு நண்பர், "சும்மா வந்து நாலு படம் எடு" என்று கேட்டிருப்பார். நாலு படம் என்பது முதல்நாள் மாலை பெண்ணழைப்பில் தொடங்கி மறுநாள் பந்தி வரை நிற்பது, பின்னர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து முந்நூறைத் தேர்வது, ஒவ்வொன்றையும் திருத்துவது. கேமராவின் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு இலட்சம் சொடுக்குகள் வரைதான் அதன் உழைப்பு கணிக்கப்படுகிறது. சொடுக்குக்கு இன்றும் விலை இருக்கத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

சட்டம் இதில் வியப்பான ஒரு நிலையை எடுத்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டதன்பேரில் ஊதியம் பெற்று எடுத்த புகைப்படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, கேட்டவரையே சேரும். அதற்கு முந்தைய 1914ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிலை ஏறக்குறைய இதுவே. ஊதியமின்றி எடுத்தாலோ உரிமை எடுத்தவரிடமே நிற்கிறது. அதாவது, பணம் கொடுத்த மணமக்களுக்கே அவர்தம் திருமணப் படங்கள் முழுமையாக உரியன. இலவசமாகப் பெற்றவர்கள், சட்டத்தின் கண்ணில், இன்னொருவரின் உடைமையைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எட்டு மாதங்கள் வாய்திறவாமல் காத்திருந்த அந்தப் பழைய நண்பரின் தயக்கத்திற்குச் சட்டத்திலும் ஒரு பெயர் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது.

எங்கள் கணக்கு

விடைசொல்லுமுன் இன்னொருவரையும் பார்க்கச் சென்றோம். நண்பரின் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்டுடியோ நடத்திவரும் பெரியவர் அவர். நண்பரின் அக்காள் திருமணத்திற்கு அவர்தான் படம் எடுத்திருந்தார். எங்கள் திட்டத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "நீங்க எடுங்க தம்பி, தப்பே இல்ல. ஆனா சும்மா எடுத்துக் கொடுத்தோம்னு மட்டும் மண்டபத்துல சொல்லிடாதீங்க. அடுத்த கல்யாணத்துல எங்கிட்ட அந்த விலைக்குத்தான் கேப்பாங்க" என்றார். நாங்கள் எங்களுக்கும் நண்பருக்கும் இடையே மட்டும் போட்டுக்கொண்டிருந்த கணக்கில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு தாளை எடுத்து முழுக் கணக்கையும் எழுதினோம். ஆல்பம் அச்சிட ரூ. 12,000. வண்டியும் தங்குமிடமும் ரூ. 4,000. எங்கள் உழைப்பு, கருவித் தேய்மானம் உட்பட, ரூ. 26,000. மொத்தம் ரூ. 42,000. இதில் எதையும் நட்புக்காகக் குறைத்து எழுதவில்லை. அதன் கீழே தனி வரியாக, "ஆறு ஆண்டுகள் குடை பிடித்த வகையில் கழிவு ரூ. 13,000" என்று எழுதினோம். அதை மொய்யாக எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். மொய் திருப்பிச் செய்யவேண்டியது. நண்பர் தலையில் புதுக்கடனை ஏற்றும். நாங்கள் பட்ட கடனைக் கழிப்பதே முறை என்று முடிவாயிற்று. எஞ்சியது ரூ. 29,000. மணநாளிலிருந்து முப்பதாம் நாள் ஆல்பம் கைக்கு வரும், படங்களின் முழு உரிமையும் மணமக்களுக்கே என்ற இரு வரிகளையும் சேர்த்தோம். தாலி கட்டும் நேரத்திற்கு ஊர்ப் பெரியவரே முதன்மைப் புகைப்படக்காரர். அவருக்குரிய தொகையை நண்பர் பேரம் பேசாமல் தனியே தரவேண்டும் என்பது கடைசி வரி.

நண்பர் தாளை இருமுறை படித்தார். "குடைக்கு இவ்வளவு கூலியா?" என்று சிரித்தார். "இராசராசர் கொடுத்திருக்கிறார், நாங்கள் கொடுக்கக்கூடாதா?" என்றோம். கையெழுத்திட்டார். அவர் முகத்தில் நாங்கள் எதிர்பார்த்த சங்கடம் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

திருமணத்தன்று பெரியவர் மணவறையின் இடப்பக்கம் ஒரு சிறு பலகை போட்டு அதன்மேல் நின்றுகொண்டார். "மேளத்தைக் கேக்காதீங்க, மாப்பிள்ளை கையைப் பாருங்க. கை தட்டுல போற நேரந்தான் நம்ம நேரம்" என்று எங்களுக்குக் காதோடு சொன்னார். அட்சதைகள் எழுவதற்கு முந்திய அந்த அரை நொடி அவருடைய கேமராவிலும் விழுந்தது, எங்களுடையதிலும் விழுந்தது. பந்தி முடிந்தபின் நண்பரின் தந்தையார் வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் இரண்டு உறைகளைக் கொண்டுவந்தார். முதல் உறை பெரியவருக்கு, இரண்டாவது எங்களுக்கு. இரு கைகளாலும் வாங்கிக்கொண்டோம்.

ஆல்பத்தை இருபத்தேழாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த மாதப் பயணத்திற்கு நண்பர் மனைவியோடு வந்தார். வழக்கம்போல் குடையை விரித்தார். அவர் மனைவி கண்ணாடியை வாங்கி ஒளியைச் சுவரோரமாகத் திருப்பினார். தேய்ந்திருந்த ஒரு வரி மெல்லத் தெளிந்து வந்தது. யாரோ ஒருவர் விளக்கெரிக்க அளித்த ஆடுகளின் எண்ணிக்கை அதில் இருந்தது.